தனக்கோட்டியின் தாடி

கதிர்மருந்தை எப்படிக் கையாள்வது, ஊசி போட்ட பிறகு அறையை எப்படிச் சுத்தம் செய்வது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நான் இன்றைக்குச் சொல்லப்போவது ஒரு தாடியைப் பற்றி. சிரிக்காதீர்கள். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தத் தாடியால் வந்ததுதான்.

நான் நர்ஸாகச் சேர்ந்து, பிறகு புதுமருந்து ஆய்வுகளுக்கு கோஆர்டினேட்டராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். கோஆர்டினேட்டர் என்றால் என்ன வேலை என்று என் மாமியார் கேட்டுக்கொண்டே இருப்பார். டாக்டருக்கும் நோயாளிக்கும் மருந்து கம்பெனிக்கும் நடுவில் நின்று மூன்று பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்றேன். "அது மருமவ வேலதானே, இதுக்குப் போய் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்றார். அவர் சொன்னது சரிதான். நீங்களும் அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள், வாருங்கள்.

அந்த ஆய்வு, ப்ராஸ்டேட் புற்றுநோய் முற்றி எலும்புவரை பரவிவிட்ட ஆண்களுக்கானது. ஊசி வழியாகப் போகும் மருந்து புற்றுச் செல்லைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு அங்கேயே கதிர் வீசும். ஆறு வாரத்துக்கு ஒரு ஊசி. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் ஒரு வாரம் மட்டும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக் கூடாது, தனியாகப் படுக்க வேண்டும். அதற்குள் உடம்பிலிருக்கும் கதிர் வடிந்துவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும், கதைக்கு வருகிறேன்.

தனக்கோட்டி நைனார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். கரும்பும் மரவள்ளியும் போட்டிருந்தார். மனைவி இறந்து ரொம்ப நாளாயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. தங்கை செல்வி, தங்கை புருஷன் ஏழுமலை, இவர்களோடுதான் இருந்தார். செல்வி அவரைவிட இருபது வயசு இளையவள், இவர் தூக்கி வளர்த்தவள். அவளுக்குக் கல்யாணமாகி, கோயில் குளமெல்லாம் சுற்றி, இனிமேல் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அப்போது ஒன்றரை வயசு.

ஆய்வில் சேர வந்த அன்றைக்கு மனுஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியில்கூட உட்கார முடியவில்லை. என் பேச்சைக் கேட்டதும் "நீங்க நம்ம பக்கமா மேடம்?" என்றார். சங்கராபுரம் என்றேன். அவ்வளவுதான், டாக்டரை விட்டுவிட்டு என்னிடமே பேச ஆரம்பித்தார்.

"எம் மருமவளுக்குக் காது குத்தணும் மேடம். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். சம்மணம் போட்டு உக்காந்து மடியில வச்சிக்கணும். அதுக்குள்ளாற இந்த வலிய எறக்கிக் குடுங்க, போதும். அதுக்கப்பறம் சாமி இன்னா பண்ணுதோ பண்ணிக்கட்டும்."

இந்த மருந்து நோயை வேரோடு எடுக்காது, வலியைக் குறைக்கலாம், நாளைக் கூட்டலாம், ஒன்றுமே செய்யாமலும் போகலாம் என்று பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பெரிய டாக்டர் என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தனக்கோட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சம்மணம் போட முடியுமா முடியாதா, அத்த சொல்லுங்க" என்றார்.

இரண்டாவது ஊசி முடிந்து பரிசோதனைக்கு வந்தபோது, நான் கேட்காமலே எங்கள் வராந்தாவில், போகிற வருகிற ஆட்களுக்கு நடுவில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவும் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் முகத்தில் முழத் தாடி. சாமிக்கு வேண்டுதலா என்று கேட்டேன். "அப்படித்தான் வச்சிக்கங்களேன்" என்று சிரித்து மழுப்பினார். நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஊசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்தது.

"மேடம், தனக்கோட்டி பேசறன். நம்ம பேர அடிச்சிடுங்க. ஊசிக்கு இனிமே நான் வரல."

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதாங்கய்யா?"

"ஒடம்பு ஜோராத்தான் இருக்குது. நேத்துகூட கரும்புக்குத் தண்ணி கட்டனன்."

"பின்ன இன்னா?"

"இன்னான்னு சொல்றது... வுட்டுடுங்க மேடம். வெள்ளிக்கிழம மருமவளுக்குக் காது குத்தறாங்க. அதுக்கு முன்னாடி நான் ஊசிய நிறுத்திட்டன்னு ஊருக்குத் தெரியணும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வலியே போய்விட்டது, மருந்து கேட்கிறது, இந்த நேரத்தில் நிறுத்துவதாவது! அதற்குள் மருந்து கம்பெனிக்காரப் பெண் வேறு போன் மேல் போன். இந்த மருந்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது, நாளாக ஆக வீரியம் குறைந்துகொண்டே போகும். அவருக்கென்று செய்து அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேண்டுமா வேண்டாமா சொல்லுங்கள் என்கிறாள்.

பெரிய டாக்டரிடம் போய், "நீங்க ஒரு வார்த்த அதட்டிச் சொன்னா வந்துடுவாரு சார்" என்றேன். மனுஷர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி கழன்றால் நமக்குத் திட்டு என்று அர்த்தம்.

"அவரு நம்மகிட்ட வேலைக்குச் சேரலம்மா. எந்த நிமிஷமும் எழுந்து போகலாம்னு நாமதான் எழுதிக் குடுத்திருக்கோம். அதட்டி வரவச்சா அது சம்மதமா? அவரை நிறுத்த உனக்கு உரிமை கிடையாது. ஆனா ஏன் போறார்னு தெரியாம விடறதுக்கும் உரிமை கிடையாது. போய்க் கேட்டுட்டு வா. கேட்டுட்டு மட்டும் வா."

கிளம்பும்போது எதற்கும் இருக்கட்டும் என்று கதிர் அளக்கும் மீட்டரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். செங்கல் அளவு மஞ்சள் பெட்டி. கதிர் பட்டால் டிக் டிக் என்று சத்தம் போடும். "காதுகுத்துக்கு மொய் எழுதப் போறவங்க உண்டு, மீட்டர் எடுத்துட்டுப் போறவங்க நீங்க ஒருத்தர்தான் சிஸ்டர்" என்று கதிர் பாதுகாப்பு அதிகாரி கிண்டலடித்தார். நோயாளி சம்மதித்தால் தவிர அதை வெளியில் எடுக்காதே என்று பெரிய டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கள்ளக்குறிச்சியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கல்வராயன் மலை அடிவாரத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில். பந்தல், ஒலிபெருக்கி, ஒரு பக்கம் கிடாக்கறி வேகிற வாசம். பந்தலிலிருந்து நல்ல தூரம் தள்ளி, புளியமரத்தடியில் அடுக்கியிருந்த வாடகைச் சாமான் நடுவில், ஒரு மரப்பெட்டி மேல் தனியாக உட்கார்ந்திருந்தார் தனக்கோட்டி. புது வேட்டி, புதுத் துண்டு, அந்தத் தாடி. பக்கத்தில் தாம்பாளத்தில் பட்டுப்பாவாடையும் தோடும், எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "இவ்ளோ தூரமா மேடம்?" என்றார். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது.

முதல் ஊசிக்குப் பிறகு, நாங்கள் சொன்னபடி ஒரு வாரம் வயலில் மோட்டார் கொட்டகையில் தங்கியிருக்கிறார். வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஏழுமலை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இன்னும் கொஞ்ச நாளு போவட்டும் மச்சான், பச்சக் கொழந்த இருக்கற வூடு" என்று. கொஞ்ச நாள் போய், இரண்டாவது ஊசியும் போட்டு, அதன் வாரமும் தாண்டி ஒரு மாசம் ஆகியும் கொட்டகைதான். செல்வி சாப்பாட்டை வரப்பில் வைத்துவிட்டு, தூரத்தில் நின்று அழுதுவிட்டுப் போவாளாம். டீக்கடையில் பெஞ்சு காலியாகிவிடும். சலூன்காரர் கைகூப்பிவிட்டார், "கத்தியில ஏறிக்கும் தனக்கோட்டி, நாலு பேரு மொகத்துல வக்கிற கத்தி" என்று. அதுதான் தாடி.

"இன்னிக்கு மடியில வக்க சித்தப்பா மவன இட்டாந்துட்டான் மாப்ள. ஊசிய வுட்டுட்டன்னு சொன்னாலாவது நம்புவாங்கன்னு பாத்தன் மேடம். வலி திரும்பி வந்தா வரட்டும். அதோட இருந்து பழக்கந்தான். இப்பிடி இருந்து பழக்கமில்ல."

அந்தக் கடைசி வாக்கியம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. அவருக்கு மடியைத் திருப்பிக் கொடுத்ததும் நம் மருந்துதான், அந்த மடியில் குழந்தையை வைக்க விடாமல் செய்ததும் அதே மருந்துதான். யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் தள்ளி இருங்கள் என்று செல்வி, ஏழுமலை எல்லோரையும் உட்கார வைத்து நாங்கள் அத்தனை பேரும் சொன்னோம். வாரம் முடிந்துவிட்டது, இனிமேல் பக்கத்தில் போகலாம் என்று யாரிடம் சொன்னோம்? அவரிடம் மட்டும். அவர் பேச்சை யார் நம்புவார்கள்?

அதற்குள் ஏழுமலையே வந்துவிட்டார். பந்தல், பாத்திரம், விளக்கு வாடகைக்கு விடுகிறவர். நல்ல மனுஷர்தான், பயந்தவர், அதைவிடச் சத்தமாகப் பேசுகிறவர். "சிஸ்டர், தப்பா நெனக்காதீங்க. ரொம்ப நாளு கழிச்சிப் பொறந்த ஒத்தக் கொழந்த. அவரு ஒடம்புல கரண்டு மாதிரி ஓடிக்கினே இருக்குதாமே?"

நான் தனக்கோட்டியிடம் கேட்டேன், உங்கள் வியாதியைப் பற்றி இங்கே வாயைத் திறக்கலாமா என்று. "மைக்குலயே சொல்லுங்க" என்றார். அளந்து காட்டட்டுமா என்றேன். முகம் அப்படி மலர்ந்தது! "அளந்து காட்ற சாமானெல்லாம்கூட இருக்குதா? காட்டுங்க மேடம், ஊரே பாக்கட்டும்."

ஊரே வந்துவிட்டது. பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கரண்டியோடு வந்தார்கள். நான் மீட்டரைத் திறந்து முதலில் என் மேல் வைத்தேன். டிக்... டிக். மண்ணில் வைத்தேன், பாறையில் வைத்தேன், பாப்பாவுக்கு மொட்டை போட வந்திருந்த சலூன்காரர் கையில் வைத்தேன். எல்லாவற்றிலும் அதே சோம்பல் டிக்தான். மண்ணிலும் கல்லிலும் எப்போதும் கொஞ்சம் கதிர் இருக்கும், இதற்குப் பயப்படத் தேவையில்லை, இதைவிட ஜாஸ்தி சத்தம் வந்தால்தான் விஷயம் என்று விளக்கிவிட்டு, பெருமையாகத் திரும்பி, பெட்டி மேல் உட்கார்ந்திருந்த தனக்கோட்டி பக்கம் நீட்டினேன்.

கரகரகரவென்று கத்த ஆரம்பித்தது மீட்டர்.

கூட்டம் மொத்தமும் பின்னால் போனது. யாரோ ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "நான்தான் சொன்னன்ல!" என்று ஏழுமலை அலறினார். தனக்கோட்டி என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நானே வந்து அவர் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டேன்.

தம்பி, தங்கச்சி, இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த நிமிஷத்தில் என் கை ஸ்விட்சு மேல்தான் இருந்தது. அணைத்துவிட்டு, பேட்டரி சரியில்லை, வெயிலில் இப்படித்தான் கத்தும் என்று சொல்லிவிடலாம். நம் ஜனங்கள் நம்பவும் செய்வார்கள். ஆனால் இந்த ஒன்றில் பொய் சொல்லிவிட்டால் அப்புறம் நான் சொல்கிற எந்த டிக்கை யார் நம்புவது? அதோடு, ஊசி போட்டு இத்தனை வாரம் கழித்து அவர் உடம்பில் இவ்வளவு சத்தம் வரவே முடியாது. எனக்குத் தெரிந்த பாடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறது. மீட்டரும் பொய் சொல்லவில்லை, பாடமும் பொய் சொல்லவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. அணைக்கவில்லை.

"ஐயா, எழுந்து அந்தக் கல்லுகிட்டப் போய் நில்லுங்க."

போய் நின்றார். மீட்டர் இங்கே கத்திக்கொண்டே இருந்தது. அவரிடம் கொண்டுபோனேன். நெஞ்சில், முதுகில், இடுப்பில், தாடியில்கூட வைத்தேன். டிக்... டிக். சலூன்காரர் கையில் வந்த அதே சோம்பல் டிக். திரும்ப மரத்தடிக்கு வந்தேன். கரகரகர!

"இந்தப் பெட்டி யாரோடது?"

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள்.

"நம்ம கடை சாமான்தான் சிஸ்டர். மலை மேல விசேஷம்னா கரண்டு போயிடும், அதுக்கு கேஸ் லைட்டு வச்சிருக்கறன். மச்சான இங்க உக்கார வச்சா ஒரு பய கிட்ட வரமாட்டான், சாமான் பத்திரமா இருக்கும்னுதான்..."

பெட்டியைத் திறந்தால், காற்றடித்து எரிக்கிற அந்தக் காலத்து விளக்குகள், அவற்றுக்கு அடியில் கட்டுக் கட்டாக மேண்டில். விளக்குக்குள் தொங்குகிற சின்ன வலைப்பை, தீ பட்டதும் பளீரென்று வெள்ளையாக எரியுமே, அதுதான். பழைய மேண்டில்களில் அந்த வெளிச்சத்துக்காகத் தோரியம் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அதில் கதிர் உண்டு. கடையை மூடிய யாரோ ஒருவரிடம் ஏழுமலை மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு கட்டை எடுத்து மீட்டர் முன்னால் காட்டினேன். கத்தியது. பிடித்துக்கொண்டு ஏழுமலை பக்கம் நடந்தேன். அவர் பின்னுக்கு நகர்ந்துகொண்டே போய்ப் பந்தக்காலில் முட்டிக்கொண்டார்.

"இந்தப் பெட்டி வீட்ல எங்க இருக்கும்?"

"மழத்தண்ணி படக்கூடாதுன்னு... கட்டிலு அடியில."

"யாரு கட்டிலு?"

பதில் செல்வியிடமிருந்து வந்தது. "பாப்பா படுக்கற கட்டிலு! அட பாவி மனுசா! எங்கண்ணன வயல்ல போட்டுட்டு இத்த எம் புள்ள கட்டிலு அடியில வச்சியா?"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "அப்ப ஏழுமலைய மோட்டார் கொட்டாய்க்கு அனுப்புங்கப்பா!" என்று ஒருத்தர் கத்தினார். "சாப்பாட்ட வரப்புல வச்சிடு செல்வி!" என்று இன்னொருத்தர். சிரித்துக்கொண்டே ஏழுமலையிடமிருந்து இரண்டடி விலகியும் நின்றார்கள். ஏழுமலைக்கு முகம் செத்துவிட்டது.

எனக்கு ஆசைதான், ஒரு பத்து நிமிஷமாவது அவரை அப்படியே விட்டு வைக்கலாம் என்று. தப்பு. ஒரு பயத்தை எடுத்து இன்னொருத்தர் தலையில் வைப்பதா நம் வேலை? மைக்கை வாங்கினேன். மேண்டிலால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, குழந்தை படுக்கிற இடத்தில் வேண்டாம், கடையில் ஓரமாக வையுங்கள், பாப்பாவுக்கு ஒரு குறையும் வராது என்றேன். அப்புறம் கஷ்டமானதையும் சொன்னேன். "தனக்கோட்டி ஐயா ஊசி போட்டுக்கினா ஒரு வாரம் தள்ளித்தான் இருக்கணும். அது நெசம். நீங்க பயந்ததுல தப்பில்ல. ஆனா வாரம் முடிஞ்சா முடிஞ்சுதுதான். அன்னிக்கி நானே போன் போட்டுச் சொல்றன். அதுக்கப்பறமும் ஒதுக்கி வச்சா, அது வியாதியால இல்ல, நம்மளால."

செல்வி விடுவிடுவென்று போய், சித்தப்பா மகன் கையிலிருந்த குழந்தையை வாங்கி வந்து அண்ணன் எதிரில் நின்றாள். "உக்காருண்ணே" என்றாள்.

தனக்கோட்டி பந்தல் நடுவில் போய், பாயில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வாங்கியதும் அவர் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறியது. இத்தனை நாள் தொடவில்லையே. குழந்தை அவர் தாடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. சலூன்காரர் வந்து, தன் கத்திப் பெட்டியைத் திறந்து, அவருக்கு முட்டியோடு முட்டி உரச உட்கார்ந்து பாப்பாவுக்கு மொட்டை போட்டார். ஆசாரி காது குத்தினார். பாப்பா போட்ட கூச்சலில் ஒலிபெருக்கியே தோற்றது. மாமன் கண்ணிலும் தாரை தாரையாக ஓடியது. ஏழுமலை பந்தக்கால் பக்கம் நின்று துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது கம்பெனிக்காரப் பெண்ணின் போன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை, அவரிடம் எதுவும் கேட்கவும் இல்லை. கேட்டுவிட்டு மட்டும் வரச் சொன்னார் பெரிய டாக்டர், நான் அதற்கு மேல் நிறையவே செய்துவிட்டேன். பக்கத்து இலையில் கறியைப் பிசைந்துகொண்டிருந்த தனக்கோட்டி தானாகவே, "அந்தப் பொண்ணுதானே? எடுங்க மேடம். என் மருந்த செஞ்சி அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டார். திரும்ப மோட்டார் கொட்டகைக்கும் போனார். இந்தத் தடவை ஏழுமலை அங்கே ஒரு டிவியே வைத்துக் கொடுத்தாராம். வாரம் முடிந்த காலையில் நான் போன் போட்டது ஏழுமலைக்கு. "தெரியும் சிஸ்டர், இட்டாரத்தான் போய்க்கினு இருக்கறன். பாப்பா வண்டி முன்னாடி ஏறி உக்காந்துகினு எறங்கவே மாட்டேங்குது" என்றார். நான் இருந்தவரை எங்கள் பிரிவில் அதுதான் வழக்கம். தள்ளி இருக்கச் சொன்னவரே, சொன்ன அத்தனை பேருக்கும் போன் போட்டு, முடிந்துவிட்டது என்றும் சொல்ல வேண்டும். நீங்களும் விடாதீர்கள்.

தனக்கோட்டிக்கு எத்தனை நாள் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவரும் கேட்டதில்லை. வாரம் முடிந்த அன்று மத்தியானம் அவரே கூப்பிட்டார். பின்னால் ரேடியோவில் பாட்டு, நாலைந்து பேர் பேசுகிற சத்தம்.

"எங்க இருக்கீங்கய்யா?"

"சலூன்ல மேடம். எனக்கு முன்னாடி மூணு பேரு உக்காந்துகினு இருக்கறாங்க. சலூன்காரன்கிட்ட எனக்கு அவசரம்யான்னா, 'உனுக்கு இன்னா கொம்பா மொளச்சிருக்குது, பெஞ்சில குந்து'ங்கறான் மேடம்! நடுவுல நெருக்கிக்கினு குந்தினு இருக்கறன். இன்னும் ஒரு மணி நேரமாவது ஆவும்."

"குந்துங்கய்யா," என்றேன். "நல்லா குந்துங்க."